சிக்னல் போன பிறகும் ஓடும் பாடம்: மலையகப் பிள்ளைகளுக்கு இணையவழிப் பாடநெறி அமைக்கும் முறை

இணையவழி வகுப்பு என்றதும் பலர் முதலில் சூம் இணைப்பைத்தான் உருவாக்குகிறார்கள். இலங்கையின் மலையகத்தில் வேலை கெட்டுப்போவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். பொகவந்தலாவையிலோ லுணுகலையிலோ ஒரு தோட்டத்தில் மாலை ஆறு மணிக்கு 40 பிள்ளைகளும் ஒரே நேரத்தில் நல்ல சிக்னலோடு, சார்ஜ் உள்ள போனோடு, சத்தமில்லாத அறையில் உட்கார்ந்திருப்பார்கள் என்று நம்பிப் போட்ட திட்டம் இரண்டாம் கிழமையே ஆட்டம் காணும். ஆகவே பாடநெறி என்பது பிள்ளையின் போனுக்குள் இறங்கிவிட்ட பாடப் பொதியும் கொப்பியில் எழுதிய பக்கமும்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். நேரடி வகுப்பு அதற்கு மேல் கிடைக்கும் உபரி. கீழே சொல்வது முழுவதும் இந்தக் கணக்கில்தான் போகிறது. தரம் 6 முதல் 11 வரை பாடசாலையிலோ, தனியார் வகுப்பிலோ, தோட்டத்து இளைஞர் கழகத்திலோ கற்பிப்பவர்களை நினைத்து எழுதியது. தரம் 5 புலமைப்பரிசில் பிள்ளைகளுக்கு பக்கத்தில் ஒரு பெரியவர் இல்லாமல் இது சரிவராது.

போன் யாரிடம், எப்போது?

பாடத்திட்டத்தைத் திறப்பதற்கு முன்னால் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு அழைப்பு எடுங்கள். கூகுள் படிவம் அனுப்பித் தகவல் சேர்க்காதீர்கள். டேட்டா இல்லாத வீடு படிவத்தை நிரப்பாது. நிரப்பியவர்களின் பதிலை மட்டும் பார்த்து "எல்லாரிடமும் இணையம் இருக்கிறது" என்று முடிவெடுத்துவிடுவீர்கள். ஒரு வீட்டுக்கு ஐந்து நிமிடம் என்றால் 40 பிள்ளைகளுக்கு மூன்றரை மணித்தியாலத்துக்குள் வேலை முடியும்.

கேட்க வேண்டியவை இவைதான்: போன் யாருடையது, பிள்ளையின் கைக்கு எத்தனை மணிக்கு வரும்? அதே போனில் இன்னும் எத்தனை பிள்ளைகள் படிக்கிறார்கள்? எந்த சிம், வழக்கமாக என்ன டேட்டா பொதி போடுகிறார்கள்? வீட்டுக்குள் சிக்னல் இருக்கிறதா, இல்லையென்றால் எங்கே போக வேண்டும்? போனில் இடம் எவ்வளவு மிச்சம்? போட்டோப்பிரதி எடுக்கும் கடை எவ்வளவு தூரம்?

முதல் கேள்விக்கு வரும் பதிலே உங்கள் நேர அட்டவணையை எழுதிவிடும். அம்மாவின் போன் காலையில் பெரட்டுக்கு (வேலை பிரித்துக்கொடுக்கும் இடத்துக்கு) போகும்போது அம்மாவோடு மலைக்குப் போய்விடும். கொழுந்து நிறுத்து, வீடு வந்து, அடுப்பு பற்றவைத்த பிறகுதான் பிள்ளையின் கைக்கு வரும். மாலை ஆறரைக்கும் எட்டரைக்கும் இடையிலான அந்த இரண்டு மணித்தியாலத்தை அண்ணன், தங்கை எல்லாரும் பங்குபோட வேண்டும். ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு நிச்சயமாகக் கிடைப்பது 30 முதல் 40 நிமிடம்தான். அதற்கு மேல் கேட்கும் எந்தப் பாடமும் பாதியில் நிற்கும்.

டேட்டா பொதி பற்றிய கேள்வியையும் அலட்சியம் செய்யாதீர்கள். வாட்ஸ்அப்புக்கு மட்டும், அல்லது சமூக ஊடகங்களுக்கு மட்டும் என்று விற்கும் பொதிகளைத்தான் பல வீடுகளில் போடுகிறார்கள். அந்த போனுக்கு நீங்கள் அனுப்பும் வெளித்தள இணைப்பு தெரியும், ஆனால் திறக்காது. பிள்ளை "சேர், வேலை செய்யுதில்ல" என்பதோடு நின்றுவிடும், காரணம் அதற்கும் தெரியாது. இணைப்பு அனுப்பாமல் கோப்பையே அனுப்ப வேண்டும் என்பதற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

இன்னொன்று மாதத்தின் ஓட்டம். பெரும்பாலான தோட்டங்களில் சம்பளம் 10ஆம் திகதியை ஒட்டி வரும். ரீலோட்டும் அப்போதுதான். கனமான காணொளிகளை 11இலிருந்து 20க்குள் அனுப்பிவிட்டு, மாதக் கடைசியையும் அடுத்த மாத முதல் கிழமையையும் குரல்பதிவுக்கும் கொப்பி வேலைக்கும் ஒதுக்குங்கள். பாட வரிசையை இதற்கு ஏற்றபடி கொஞ்சம் முன்பின்னாக மாற்றினாலும் பெரிய பாதகம் இல்லை.

எதைக் கற்பிக்காமல் விடுவது

ஒரு தவணைக்கான முழு அலகுகளையும் இணையவழியில் முடிக்க முடியாது. முயன்றால் எல்லாம் அரைகுறையாகப் போகும். தேசிய கல்வி நிறுவகத்தின் ஆசிரியர் வழிகாட்டியை எடுத்து, ஒவ்வொரு தேர்ச்சி மட்டத்துக்கும் பக்கத்தில் மூன்றில் ஒரு குறி போடுங்கள்: நானே விளக்காமல் புரியாது, பாடநூலை வாசித்தாலே போதும், பாடசாலை நடக்கும்போது பார்த்துக்கொள்ளலாம். முதல் குறி விழுந்தவைதான் உங்கள் இணையவழிப் பாடநெறி. பாடநூல் 1980இலிருந்து இலவசமாகக் கிடைக்கிறது, எல்லாப் பிள்ளைகளிடமும் இருக்கிறது. இரண்டாம் குறி விழுந்தவற்றுக்குப் பக்க எண்ணை மட்டும் சொன்னால் போதும். பாடநூல் பக்கத்தையே படம்பிடித்துக் குழுவில் போட்டு டேட்டாவைக் கரைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அடுத்து, ஒவ்வொரு பாடத்துக்கும் முடிவில் வரும் கேள்வியை முதலில் எழுதுங்கள். "சதவீதத்தை விளங்கிக்கொள்வர்" என்று இலக்கு எழுதினால் காணொளி எங்கெங்கோ போகும். "ஒரு தொகை இன்னொன்றின் எத்தனை சதவீதம் என்று கண்டுபிடித்து, எதனால் எதை வகுத்தேன் என்று ஒரு வரியில் சொல்வர்" என்று எழுதினால் எதைப் பேசுவது, எதை விடுவது என்று தானாகத் தெரியும்.

பத்துக் கிழமைப் பாடநெறி என்றால் கிழமைக்கு இரண்டு பாடம் வீதம் எட்டுக் கிழமைக்கு மட்டும் போடுங்கள். ஐந்தாவது, பத்தாவது கிழமைகள் வெறுமையாக இருக்கட்டும். தென்மேல் பருவமழை மே முதல் செப்டெம்பர் வரை ஹட்டன், மஸ்கெலியா, நோர்வூட் பக்கத்தை அடிக்கும். பதுளைப் பக்கத்துக்கு வடகீழ் பருவமழைக் காலமான டிசம்பர் முதல் பெப்ரவரி வரை மழை. மின்சாரம் போகும், சிக்னல் கோபுரம் விழும், மண்சரிவு எச்சரிக்கை வந்தால் வீட்டையே விட்டுப் போக வேண்டியிருக்கும். வெறுமையாக விட்ட கிழமை இல்லாத அட்டவணையில் பின்தங்கிய பிள்ளை திரும்பி வருவதே இல்லை. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகலில் இடி மின்னல் அதிகம். அந்த மாதங்களில் பிற்பகல் வகுப்பு வைக்க வேண்டாம். மின்னும்போது சார்ஜரில் போன் போட்டுக்கொண்டு படிக்க வேண்டாம் என்று பிள்ளைகளுக்கும் ஒரு தடவை சொல்லிவையுங்கள்.

ஒரு பாடப் பொதியின் எடை

ஒரு பாடம் ஐந்து துண்டுகளாகப் போக வேண்டும்: ஒரு நிமிடக் குரல்பதிவு, ஆறு நிமிடத்துக்குள் ஒரு காணொளி, ஒரு பக்கச் செயலட்டை, ஐந்து கேள்வி, இரண்டு நாள் கழித்து விடை. எல்லாம் சேர்த்து 15 எம்பியைத் தாண்டக் கூடாது.

ஆறு நிமிடம் என்பது கண்ணை மூடிச் சொன்ன எண் இல்லை. எட்எக்ஸ் என்ற இணையவழிக் கல்வித் தளத்தின் பாடங்களில் 69 இலட்சம் பார்வை அமர்வுகளை ஆராய்ந்து 2014இல் வெளியான ஆய்வில், காணொளி எவ்வளவு நீளமாக இருந்தாலும் மாணவர் கவனம் நடுத்தரமாக ஆறு நிமிடத்தைத் தாண்டவில்லை. அது நல்ல இணைப்பில் தாமாக விரும்பிச் சேர்ந்தவர்களின் கணக்கு. லயத்துக் காம்பராவில் (தோட்டத்து வரிசை வீட்டின் அறையில்), பக்கத்தில் தொலைக்காட்சி ஓடும்போது, இன்னும் குறையும் என்றுதான் எதிர்பார்க்க வேண்டும்.

எடைக்கு வருவோம். காணொளியை 640க்கு 360 அளவில், வினாடிக்கு 15 சட்டம் (பிரேம்), படத்துக்கு வினாடிக்கு 200 கிலோபிட், ஒற்றைத்தட ஒலிக்கு 48 கிலோபிட் என்று சுருக்கினால் நிமிடத்துக்கு 2 எம்பிக்குள் நிற்கும். ஆறு நிமிடம் ஏறக்குறைய 11 எம்பி. எழுதும் கையும் தாளும் மட்டும் தெரியும் காணொளிக்கு இந்தத் தரம் தாராளம். கணினியில் ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் இந்த எண்களை ஒருமுறை சேமித்துவிட்டால் பிறகு ஒரே சொடுக்கு. வாட்ஸ்அப் குரல்பதிவு இதைவிட மலிவு: மூன்று நிமிடத்துக்கு அரை எம்பி அளவுதான். ஒப்பிட்டுப் பார்க்க, எல்லாரும் கேமராவைத் திறந்து வைத்த சூம் குழு வகுப்பு மணித்தியாலத்துக்கு 800 எம்பிக்கு மேலேயும் போகலாம். அந்த ஒரு மணித்தியாலத்து டேட்டாவில் மேலே சொன்ன பொதிகளில் ஐம்பதுக்கு மேல் இறக்கிவிடலாம்.

சுருக்கிய காணொளியை வாட்ஸ்அப்பில் காணொளியாகவே போட்டால் அது இன்னொரு தடவை சுருக்கும். எழுத்து கலங்கி, 3க்கும் 8க்கும் வித்தியாசம் தெரியாமல் போகும். டொக்கியுமென்ட் என்று தெரிவுசெய்து அனுப்புங்கள், நீங்கள் அனுப்பியபடியே போய்ச்சேரும். கோப்பின் பெயரைத் தரம், பாட எண், தலைப்பு என்ற வரிசையில் வையுங்கள்: "08-05 சதவீதம்". போனுக்குள் தேடும்போது எண் வரிசையில் அடுக்கி நிற்கும்.

செயலட்டையில் எல்லாரும் இடறும் ஒரு கல் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு. வருடக்கணக்காகச் சேர்த்த வினாத்தாள்கள் பலரிடம் பாமினியில்தான் இருக்கின்றன. கணினியில் அழகாகத் தெரியும் கோப்பு, அந்த எழுத்துரு இல்லாத போனில் ஆங்கில எழுத்துக் கூட்டமாக விரியும். யுனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். நேரமில்லையென்றால் குறைந்தது பிடிஎப் ஆக்கி அனுப்புங்கள், எழுத்துரு உள்ளேயே பதிந்துவிடும். மாற்றியபின் "ஸ்ரீ", "ஃ", பின்னக் குறிகள், கூட்டல் கழித்தல் குறிகள் ஆகியவற்றை ஒருமுறை கண்ணால் பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் உடையும். செயலட்டையைப் போன் திரையில் பெரிதாக்காமல் வாசிக்க முடிய வேண்டும். வரிக்கு ஐந்தாறு சொல், பக்கத்துக்குப் பன்னிரண்டு வரிக்குமேல் வேண்டாம். தமிழ் எழுத்து அகலமானது, ஆங்கிலச் செயலட்டைக்குப் போட்ட அளவு இதற்குப் பொருந்தாது.

சதவீதப் பாடம் ஒன்று, நிமிடம் நிமிடமாக

தரம் 8 கணிதத்தை எடுத்துக்கொள்வோம். காணொளி வணக்கத்தோடும் தலைப்போடும் தொடங்க வேண்டாம், கேள்வியோடு தொடங்கட்டும்: "மடுவத்தில் 25 கிலோ கொழுந்து நிறுத்தார்கள். சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று 2 கிலோ கழித்து எழுதினார்கள். கழித்தது எத்தனை சதவீதம்?"

முதல் 20 வினாடி கேள்வி. அடுத்து, "காணொளியை நிறுத்தி, கொப்பியில் ஒரு விடை எழுதுங்கள், பிழையானாலும் பரவாயில்லை" என்று சொல்லுங்கள். திரையில் பெரிய நிறுத்தற்குறி ஐந்து வினாடி நிற்கட்டும். இந்த நிறுத்தம் மிக முக்கியம். பார்த்துக்கொண்டே போகும் பிள்ளைக்கு எல்லாம் புரிந்த மாதிரித்தான் இருக்கும். தானாக ஒருமுறை எழுதிப் பார்த்தால்தான் எங்கே புரியவில்லை என்று அதற்கே தெரியும்.

இரண்டாம் நிமிடம்: 25 கட்டங்கள் வரைந்து இரண்டைத் தீட்டுங்கள். 100 கட்டமாக இருந்தால் எத்தனை தீட்டியிருக்க வேண்டும் என்று கேளுங்கள். 25ஐ நான்கு தடவை அடுக்கினால் 100. தீட்டியதும் நான்கு தடவை, ஆகவே 8. மூன்றாம் நிமிடம்: அதையே 2/25 × 100 என்று எழுதுங்கள். நான்காம் நிமிடம்: பிழைகளைக் காட்டுங்கள். ஐந்தாம் நிமிடம்: வேறு எண்களோடு ஒரு கணக்கு, மறுபடி நிறுத்தம். விடையைச் சொல்லி முடியுங்கள். "மீண்டும் அடுத்த காணொளியில் சந்திப்போம்" என்பதற்கு 15 வினாடி செலவு செய்ய வேண்டாம்.

இப்போது பலவுள் தேர்வுக் கேள்வி. விடைகள் நான்கு: 2%, 8%, 12.5%, 92%. ஒவ்வொரு பிழையான விடையும் ஒரு குறிப்பிட்ட தவறைப் பிடிக்கும்படி வைத்தது. 2% என்று எழுதிய பிள்ளை கிலோவையே சதவீதமாக எடுத்திருக்கிறது. 12.5 என்றால் பெரியதைச் சிறியதால் வகுத்திருக்கிறது. 92 என்றால் கணக்குச் சரி, கேள்வியைத்தான் பிழையாக வாசித்திருக்கிறது. விடைகள் வந்ததும் யாருக்கு எதைத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்று திருத்தாமலே தெரிந்துவிடும். ஏதோ நான்கு எண்களைப் போட்டிருந்தால் இந்தத் தகவல் கிடைத்திருக்காது.

கொழுந்துக் கணக்கை எடுத்தது உள்ளூர் வாசனைக்காக மட்டுமில்லை. அந்த 2 கிலோ பற்றி வீட்டில் அம்மாவுக்குச் சொல்ல நிறைய இருக்கும். பிள்ளை கணக்கை அவருக்கு விளக்கிச் சொல்லும்போது தன் வாயாலேயே ஒருமுறை படித்துவிடும். ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்தில் ஒரு கிலோ தேயிலை கிடைக்கிறது என்பதை விகிதப் பாடத்துக்கு வைத்துக்கொள்ளலாம். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருப்பதால் அங்கே நீர் 94 பாகை செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடுகிறது, கடலை வேக அதிக நேரம் எடுக்கிறது என்பது விஞ்ஞானத்துக்கு.

ஐந்து கேள்விகளில் மூன்று இன்றைய பாடத்திலிருந்தும், ஒன்று போன கிழமைப் பாடத்திலிருந்தும், ஒன்று ஒரு மாதத்துக்கு முந்தியதிலிருந்தும் வரட்டும். பழையதை இடைவெளி விட்டு மறுபடி கேட்பதுதான் மறதிக்கு மருந்து. இதற்கு டேட்டாவும் செலவில்லை.

பிள்ளைகள் விடையை "1ஆ 2இ 3அ 4அ 5ஈ" என்று ஒரே வரியில் உங்களுக்குத் தனியாக அனுப்பட்டும். டேட்டா இல்லாதவர் சாதாரண குறுஞ்செய்தியாகவே அனுப்பலாம். குழுவில் வாக்கெடுப்புப் போட்டால் யார் எதைத் தெரிவுசெய்தார் என்று எல்லாருக்கும் தெரியும். முதலில் போட்ட கெட்டிக்காரப் பிள்ளையின் விடையை மற்றவர்கள் அப்படியே எடுத்துவிடுவார்கள்.

ஒளிப்பதிவு

விலை கூடிய சாமான் எதுவும் தேவையில்லை. இரண்டு கட்டுப் புத்தகத்துக்கு நடுவே ஒரு அடிமட்டத்தை வைத்து, போனை அதன்மேல் கேமரா கீழே பார்க்கும்படி கிடத்தி, கீழே வெள்ளைத்தாள், கறுப்புத் தடித்த பேனா. போன் கிடையாக இருக்கட்டும். ஜன்னல் வெளிச்சம் இடப்பக்கமிருந்து வரட்டும், இல்லாவிட்டால் எழுதும் கையின் நிழல் எழுத்தின் மேல் விழும். இடக்கைக்காரர் என்றால் வலப்பக்கமிருந்து.

படத்தைவிட ஒலி முக்கியம். படம் கலங்கினாலும் பிள்ளை கேட்டுப் பின்தொடரும், குரல் கேட்காவிட்டால் மூடிவிடும். சாதாரண இயர்போனின் மைக்கைச் சட்டைக் கழுத்தில் குத்திக்கொண்டு பேசினாலே பாதிப் பிரச்சினை தீரும். தகரக் கூரையில் மழை விழும்போதும், கோயில் ஒலிபெருக்கி பாடும்போதும் எடுக்க வேண்டாம். எந்தச் செயலியாலும் அதைப் பிறகு சுத்தமாக நீக்க முடியாது. திரையில் இருப்பதை வரிக்கு வரி வாசிக்கவும் வேண்டாம். எழுத்தும் குரலும் ஒன்றையே சொன்னால் பிள்ளையின் கவனம் இரண்டுக்கும் நடுவில் சிதறும். படத்தைத் திரையில் காட்டி, விளக்கத்தை வாயால் சொல்லுங்கள்.

ஓர் எண்ணைப் பிழையாகச் சொல்லிவிட்டால் முழுவதையும் திரும்ப எடுத்து அனுப்பாதீர்கள். ஏற்கெனவே இறக்கியவர்கள் மறுபடி இறக்க வேண்டியிருக்கும். "மூன்றாவது நிமிடத்தில் 52 என்று சொன்னது பிழை, 25 என்று கொப்பியில் மாற்றுங்கள்" என்று ஒரு குரல்பதிவு போட்டு அதைக் குழுவில் மேலே பொருத்திவையுங்கள்.

தமிழ்நாட்டுக் காணொளியை அப்படியே அனுப்பும் முன்

யூடியூபில் நல்ல தமிழ்க் காணொளிகள் நிறைய இருக்கின்றன, பெரும்பகுதி தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்துக்குச் செய்தவை. விளக்கம் அருமையாக இருக்கும், சொல் வேறாக இருக்கும். நமது பாடநூலில் திணிவு என்பதை அங்கே நிறை என்பார்கள். நமக்கு நிறை என்றால் அங்கே எடை. ஆக "நிறை" என்ற ஒரே சொல் இரண்டு இடத்திலும் இரண்டு பொருளில் நிற்கிறது. நமது கதி அங்கே வேகம், நமது வேகம் அங்கே திசைவேகம். ஆர்முடுகல் முடுக்கமாகவும், ஒளித்தொகுப்பு ஒளிச்சேர்க்கையாகவும், ஒட்சிசன் ஆக்சிஜனாகவும் வரும். கடைசி மூன்றிலும் பிள்ளை ஒருவாறு ஊகித்துக்கொள்ளும். நிறையும் வேகமும்தான் ஆபத்து, ஏனென்றால் தெரிந்த சொல் மாதிரியே ஒலிக்கும், பரீட்சையில் விடை பிழைத்த பிறகுதான் தெரியும். அனுப்புவதாக இருந்தால் சொற்பட்டியல் ஒன்றைச் செயலட்டையின் தலையில் போட்டு அனுப்புங்கள். கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ இணையத்தளத்தில் தமிழ்மொழிப் பாடங்கள் இருக்கின்றன. சொல் விடயத்தில் அங்கிருந்து தொடங்குவது பாதுகாப்பு.

குழுவும் நேரடி வகுப்பும்

பாடம் போகும் குழுவில் நிர்வாகி மட்டும் எழுதட்டும். சந்தேகத்துக்குத் தனிக் குழு. இரண்டையும் ஒன்றாக வைத்தால் "குட் மோனிங்" படங்களுக்குக் கீழே பாடம் புதைந்துவிடும். பெண் பிள்ளைகளின் எண்கள், பெரும்பாலும் அம்மாவினுடையவை, குழுவில் இருக்கும் எல்லாருக்கும் தெரிவது பல வீடுகளில் பெரிய தயக்கம். இதனாலேயே சேராமல் விடுபவர்கள் உண்டு. வாட்ஸ்அப்பின் கம்யூனிட்டி அறிவிப்புக் குழுவில் அங்கத்தவர்களின் எண்கள் ஒருவருக்கொருவர் தெரியாது. பாடம் அனுப்ப அதைப் பயன்படுத்துங்கள்.

நேரடி வகுப்பு கிழமைக்கு ஒன்று, 30 நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். சூமின் இலவசக் கணக்கு 40 நிமிடத்தில் எப்படியும் அறுத்துவிடும். புதிய பாடத்தை அதில் நடத்தாதீர்கள், வர முடியாதவருக்கு அநியாயம். வந்த விடைகளில் அதிகம் பிழைத்த இரண்டு கேள்விகளை மட்டும் எடுத்து, பிழையாகச் செய்த வழியை (பெயர் சொல்லாமல்) திரையில் வைத்து, எங்கே வழுக்கியது என்று பிள்ளைகளிடமே கேளுங்கள். கேமரா மூடியிருக்கட்டும். டேட்டாவும் மிச்சம், லயத்துக் காம்பராவைக் காட்டக் கூச்சப்படும் பிள்ளைக்கும் நிம்மதி. "கேமராவைத் திற" என்று ஒரு பிள்ளையை வற்புறுத்தினால் அடுத்த கிழமை அது வராது.

இணையமே இல்லாத வீட்டுக்கு

40 பேரில் ஆறேழு பேருக்காவது எந்த வழியும் இருக்காது. அவர்களுக்குப் பொதியைக் கையால் கொண்டு சேர்க்க வேண்டும். ஒவ்வொரு டிவிசனிலும் சிக்னல் உள்ள ஓர் உயர்தர வகுப்புப் பிள்ளையைப் பிடியுங்கள். அவர் ஒருமுறை இறக்கி, குயிக் ஷேர் மூலமோ மெமரி கார்டிலோ லயத்தில் மற்ற போன்களுக்கு மாற்றிக்கொடுக்கலாம். இதற்கு டேட்டா ஒரு துளியும் போகாது. 15 எம்பி சில வினாடிகளில் மாறிவிடும். செயலட்டையின் அச்சுப் பிரதிகள் வாசகசாலையிலோ பிள்ளை மடுவத்திலோ (குழந்தைக் காப்பகத்திலோ) கோயிலிலோ ஒரு கோப்புறையில் கிடக்கட்டும். வாரத்துக்கு இரண்டு தாள், இரண்டு பக்கமும் அச்சு. காணொளி பார்க்காமலே செயலட்டையை மட்டும் வைத்துப் பாதியாவது செய்யக்கூடியதாக எழுதியிருந்தால்தான் இந்த வழி பயன்படும். செய்துகாட்டிய ஒரு கணக்கு செயலட்டையின் மேற்பாதியில் எப்போதும் இருக்க வேண்டும்.

திருத்துவது, தொலைந்தவரைத் தேடுவது

40 கொப்பிப் படங்களை முழுவதும் திருத்தினால், கொப்பிக்கு நான்கு நிமிடம் வைத்தாலும், கிழமைக்கு இரண்டு பாடத்துக்கு ஐந்து மணித்தியாலத்துக்கு மேல் போகும். மூன்றாம் கிழமையில் கைவிட்டுவிடுவீர்கள். பலவுள் தேர்வு விடைகள் ஒரு வரியில் வருகின்றன, அவற்றுக்குப் படம் தேவையில்லை. எழுதிச் செய்ய வேண்டிய ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் படம் கேளுங்கள். அதற்கும் ஒரு நிமிடத்துக்குள் குரலில் பதில்: எது சரி, எந்த வரியில் பிழைத்தது, அடுத்து என்ன செய்ய வேண்டும். "நன்று", "இன்னும் முயற்சி செய்" என்பவற்றால் பிள்ளைக்கு ஒன்றும் தெரியவராது. படம் எடுக்கும்போது கொப்பியின் மூலையில் சுட்டெண்ணும் பாட எண்ணும் எழுதியிருக்க வேண்டும் என்று முதல் நாளே பழக்குங்கள். இல்லையென்றால் "அப்பா புது நம்பர்" என்ற பெயரில் வந்த படம் யாருடையது என்று தேடியே பொழுது போகும்.

வரவுப் பதிவை ஒரு தாளில் வையுங்கள்: குறுக்கே பாட எண், நெடுக்கே பெயர், விடை வந்தால் ஒரு கோடு. அடுத்தடுத்து மூன்று கட்டம் வெறுமையாக இருந்தால் அன்றே அழைப்பு எடுங்கள், நான்காவது வரை காத்திருக்க வேண்டாம். அழைப்பில் "ஏன் செய்யவில்லை" என்று தொடங்காதீர்கள். "போன் நல்லா இருக்கா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் காரணம் அங்கேதான் இருக்கும்: திரை உடைந்திருக்கும், இடம் நிரம்பியிருக்கும், அல்லது அண்ணன் கொழும்புக்கு வேலைக்குப் போகும்போது போனையும் கொண்டு போயிருப்பார். இடம் நிரம்பியதற்கு மருந்து எளிது. வாட்ஸ்அப்பின் சேமிப்பு அமைப்பில் தானாக இறங்குவதை நிறுத்தி, பழைய குழுக் காணொளிகளை அழிக்கச் சொல்லிக்கொடுங்கள். தரம் 10, 11 பிள்ளை தானும் வேலைக்குப் போய்விட்டதாகத் தெரிந்தால் அது உங்கள் குழுவால் மட்டும் தீரும் விடயமில்லை, வகுப்பாசிரியருக்கு அன்றே சொல்லுங்கள்.

முழுப் பாடநெறியையும் செய்துவைத்துக்கொண்டு தொடங்க வேண்டாம். இரண்டு பொதியை மட்டும் தயாரித்து, மிக மோசமான சிக்னல் உள்ள ஐந்து வீடுகளுக்கு அனுப்புங்கள். எத்தனை நிமிடத்தில் இறங்கியது, எந்த இடத்தில் நிறுத்தியது, செயலட்டை வாசிக்க முடிந்ததா என்று கேட்டு எழுதுங்கள். அந்த ஐந்து வீட்டில் ஓடியது எல்லா வீட்டிலும் ஓடும். தவணை முடிந்ததும் வரவுத் தாளையும் விடை வரிகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: பாதிப்பேருக்கு மேல் பிழைத்த கேள்வி எந்தப் பாடத்தில் வருகிறதோ, அந்தக் காணொளியை மட்டும் அடுத்த முறைக்கு மறுபடி எடுத்தால் போதும்.